பறவைகளின் பஞ்சாங்கம்

சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்து இன்று என்ன தேதி என்று நாம் தெரிந்துகொள்கிறோம். பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாள் குறிக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பறவைக்கு நாள் குறித்துக் கொடுப்பவர் யார்? இந்த மாதத்தில் கூடு கட்ட வேண்டும், இந்த வாரத்தில் முட்டையிட வேண்டும், குளிர் வருமுன் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து போய்விட வேண்டும் என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரிகிறது?

"அது இயற்கை, தானாகத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். விஞ்ஞானிகள் அப்படிப் போவதில்லை. தெரிகிறது என்றால், எதைக் கொண்டு தெரிகிறது? அந்த அடையாளம் ஒரு நாள் பொய்த்துவிட்டால் பறவையின் கதி என்ன? இந்த இரண்டாவது கேள்வி ஒரு காலத்தில் வெறும் கற்பனையாக இருந்தது. உலகம் வெப்பமடைந்து வரும் இன்று அது உண்மையாகிவிட்டது. ஐரோப்பாவில் பறவைகளின் நடத்தையையும் உயிரியல் கடிகாரத்தையும் ஆராய்ந்துவரும் சூழலியல் அறிஞர்கள் அதற்கு விடை தேடி வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றை இங்கே பார்ப்போம்.

தாய்ப் பறவை போடும் கணக்கு

நம் மலைக்காடுகளில் பட்டாணிக் குருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மார்பின் நடுவே கழுத்துப்பட்டை கட்டியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. இதற்கு மிக நெருங்கிய உறவுள்ள பெரிய பட்டாணிக் குருவி ஐரோப்பாவெங்கும் வாழ்கிறது. அதன் வயிறு மஞ்சள் நிறம். எடை சுமார் 18 கிராம். மரப் பொந்துகளில் கூடு வைக்கும். பொந்து கிடைக்காவிட்டால், மனிதர் செய்து மாட்டிய மரப்பெட்டியிலும் தயங்காமல் குடியேறும். பெட்டியின் மூடியைத் திறந்தால் முட்டைகளை எண்ணிவிடலாம் என்பதால், ஆராய்ச்சியாளர்களுக்கு இது மிகவும் பிடித்த பறவை.

இந்தப் பறவை வசந்த காலத்தில் நாளுக்கு ஒன்றாக 8 அல்லது 9 முட்டைகள் இடுகிறது. ஒரு முட்டை ஒன்றரை கிராமுக்குச் சற்று அதிகம். எல்லா முட்டைகளையும் சேர்த்து நிறுத்தால், தாயின் எடையை நெருங்கிவிடும்! பிறகு ஏறத்தாழ 13 நாள் அடைகாக்கிறது. குஞ்சுகள் பொரிந்தபின் தாயும் தந்தையும் விடியல் முதல் அந்திவரை, ஒரு நாளில் பல நூறு தடவை இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 10 நாள் வயதாகும்போதுதான் பசி உச்சத்தில் இருக்கும்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். முட்டையிட 9 நாள், அடைகாக்க 13 நாள், பசி உச்சத்துக்கு வர 10 நாள். மொத்தம் 32 நாள். அதாவது, இரை எப்போது ஏராளமாகக் கிடைக்குமோ அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னதாகவே தாய் முதல் முட்டையை இட்டிருக்க வேண்டும். அப்போது காட்டில் அந்த இரை இருக்காது. மரங்களில் இலைகூட விட்டிருக்காது. கண்ணில் படாத விருந்துக்கு முன்கூட்டியே நாள் குறிக்கிறது பறவை.

ஏன் இவ்வளவு துல்லியம் வேண்டும்? நாள் ஒரு வாரம் தள்ளிப்போனால் குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த விருந்து எத்தகையது என்று தெரிந்தால் இக்கேள்வி எழாது.

மூன்று வார விருந்து

ஐரோப்பியக் காடுகளில் ஓக் மரம் முக்கியமானது. குளிர்காலம் முழுவதும் மொட்டையாக நின்று வசந்தத்தில் துளிர்விடும். இம்மரத்தை அண்டி வாழ்வது குளிர்கால அந்துப்பூச்சி. அதன் பெண்ணுக்குப் பறக்கும் இறக்கை இல்லை. கடுங்குளிர் தொடங்கும் நாள்களில் மண்ணிலிருந்து வெளிவந்து, அடிமரத்தில் ஊர்ந்தேறி, கிளைகளில் முட்டையிட்டு மடிகிறது. துளிர் வெடிக்கும் சமயத்தில் அந்த முட்டைகள் பொரிந்து பச்சைப் புழுக்கள் வெளிவருகின்றன.

புழுவுக்கும் காலம் குறைவுதான். துளிர் விடுவதற்கு முன்பே பொரிந்துவிட்டால் உண்ண ஒன்றும் இல்லை. சில நாளில் பட்டினியால் இறந்துபோகும். தாமதமாகப் பொரிந்தால், இலை முற்றித் துவர்ப்புப் பொருள் ஏறிவிடும். புழுவால் அதைச் செரிக்க முடியாது. ஆகவே தளிர் இளசாக இருக்கும்போதே புழுக்கள் ஒரே வேகத்தில் தின்று கொழுக்கின்றன. பிறகு நூலிழை விட்டுத் தரையில் இறங்கி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடுகின்றன. காடு நிறையப் புழு இருப்பது இரண்டு மூன்று வாரங்கள் மட்டுமே. அதன்பின் தேடினாலும் கிடைக்காது.

மரத்தின் நாள், புழுவின் நாள், பறவையின் நாள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கூட்டிலுள்ள குஞ்சுகள் கொழுத்துப் பறக்கும். ஒரு வாரம் பிசகினால், பசி உச்சத்திலிருக்கும் குஞ்சுகளுக்கு இரை கரைந்துகொண்டே போகும். கூட்டை விட்டுப் புறப்படும் குஞ்சின் எடை குறைவாக இருந்தால் அது அடுத்த ஆண்டுவரை உயிரோடிருக்கும் வாய்ப்பும் குறைகிறது.

வெளிச்சம் சொல்லும் தேதி

சரி, ஒரு மாதம் முன்னதாக நாள் குறிக்கப் பறவைக்கு எந்த அடையாளம் உதவுகிறது? குளிர் குறைவதா? அன்று கிடைக்கும் இரையா? இவற்றை முழுதாக நம்ப முடியாது. பிப்ரவரியில் சில நாள் வெயில் அடிக்கும்; மார்ச்சில் மறுபடி பனி கொட்டும். ஆண்டுதோறும் பிசகாமல் வருவது ஒன்றே ஒன்று: பகலின் நீளம்.

நம் ஊரில் இது அவ்வளவாகத் தெரிவதில்லை. சென்னையில் டிசம்பரில் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். ஜூனில் சற்றேறக்குறைய 12 மணி 50 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். இங்குள்ள நீர்ப்பறவைகள் பலவற்றுக்கு மழைதான் பெரிய அறிவிப்பு. வேடந்தாங்கலில் வடகிழக்குப் பருவமழைக்குப்பின் ஏரி நிறைந்தால்தான் கூடுகளும் நிறைகின்றன. வடக்கே போகப்போக நிலைமை மாறுகிறது. நெதர்லாந்தில் டிசம்பரில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு; ஜூனில் 16 மணி நேரத்துக்கும் அதிகம். வசந்தத்தில் ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிடச் சில நிமிடம் நீள்கிறது. இதைவிட நம்பகமான நாட்காட்டி வேறென்ன வேண்டும்?

பறவைகள் இந்த நாட்காட்டியைப் பார்க்கின்றன என்பதைச் சோதனை செய்து காட்டியவர் வில்லியம் ரோவன். கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலத்தின் எட்மன்டன் நகரில், 1920களில், அவர் ஜங்கோ என்னும் சிறு பறவைகளைப் பிடித்துத் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்தார். ஒரு கூண்டில் மின்விளக்கு ஏற்றி, நாளுக்கு நாள் வெளிச்ச நேரத்தைச் சில நிமிடம் கூட்டிக்கொண்டே போனார். மற்றொன்றில் விளக்கில்லை. வெளியே இரத்தத்தை உறைய வைக்கும் கனடாக் குளிர். நடுக் குளிர்காலத்தில் பார்த்தபோது, விளக்குக் கூண்டிலிருந்த பறவைகளின் இனவிருத்தி உறுப்புகள் வசந்தம் வந்துவிட்டதுபோல் வளர்ந்திருந்தன! குளிர் அவற்றைத் தடுக்கவில்லை; வெளிச்சமே அவற்றை எழுப்பியது. 1925-இல் வெளியான இந்த முடிவு பறவையியலில் ஒரு திருப்பம்.

இந்த வெளிச்சத்தைப் பறவை கண்ணால்தானே பார்க்கிறது என்று நினைப்பீர்கள். அதுவும் முழு உண்மையில்லை. அமெரிக்காவில் மைக்கேல் மெனாக்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் நம் வீட்டுக் கூரையில் கூடு கட்டும் அதே சிட்டுக்குருவியை ஆராய்ந்தார்கள். கண் பார்வை இல்லாத சிட்டுக்குருவியும் பகல் நீள்வதை உணர்ந்தது. தலையின் தோலுக்கடியில் கறுப்பு மையைச் செலுத்தி வெளிச்சத்தை மறைத்தபோதோ, அந்த உணர்வு மங்கியது. மண்டையோட்டை ஊடுருவி வரும் மெல்லிய ஒளியை மூளைக்குள்ளிருக்கும் உயிரணுக்களே உணர்கின்றன என்பது இதனால் விளங்கியது.

பகலின் நீளம் மாதத்தைச் சொல்கிறது. அந்த மாதத்துக்குள் எந்த வாரம் என்பதை வசந்தத் தொடக்கத்தின் தட்பவெப்பத்தைக் கொண்டு பட்டாணிக் குருவி சற்று முன்பின் ஆக்கிக்கொள்கிறது. இவ்வாறு பெரிய முள்ளும் சின்ன முள்ளுமாக இரண்டு அடையாளங்கள் சேர்ந்து அதற்கு நாள் காட்டுகின்றன.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

ஆனால் எல்லாப் பறவையும் ஒரே ஊரில் இருப்பதில்லை. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கழிக்கும் பறவைக்கு அங்கே பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். ஐரோப்பாவில் வசந்தம் பிறக்கப் போகிறது என்று அதற்கு யார் தந்தி அடிப்பார்கள்?

இதற்கு விடை கண்டவர் எபர்ஹார்ட் க்வின்னர் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி. 1960களில் அவர் வலசை போகும் கதிர்க்குருவிகளை அறைக்குள் வைத்து வளர்த்தார். ஒவ்வொரு நாளும் 12 மணி நேரம் விளக்கு, 12 மணி நேரம் இருள், வெப்பமும் மாறாது. ஜன்னல் வழியே பருவம் எட்டிப்பார்க்கவும் வழியில்லை. இருந்தும் உரிய காலம் வந்ததும் அப்பறவைகள் இரவில் தூங்காமல் கூண்டுக்குள் இறக்கையடித்துத் தத்திக்கொண்டிருந்தன. வலசை போகும் பறவைகள் பெரும்பாலும் இரவில் பயணம் செய்பவை. கூண்டுக்குள் அகப்பட்ட பறவையின் இந்த இரவுத் துடிப்பே அதன் பயண ஆசைக்கு அளவுகோல். பயணத்துக்கு முன் எடை கூடுவது, இறகு உதிர்ந்து புதிது முளைப்பது ஆகியவையும் முறை தவறாமல் வந்து போயின.

ஆக, பறவையின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. அது சரியாக 365 நாளுக்கு ஒரு சுற்று ஓடுவதில்லை. சற்று முன்பின்னாக ஓடும். நம் வீட்டுக் கடிகாரத்தை வானொலி நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்வதுபோல, பறவையின் கடிகாரத்தை வெளியுலகின் பகல் நீளம் அவ்வப்போது திருத்தி வைக்கிறது.

நாள் கணக்கில் ஓடும் கடிகாரத்துக்கும் இப்படித்தான் வெளியடையாளம் தேவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் 1970களில் வௌவால்களை ஆராய்ந்தார்கள். இருண்ட குகைக்குள் கூண்டில் அடைபட்டிருந்த வௌவால்கள், மாலையில் வெளியே பறந்து விடியலில் திரும்பும் தம் இனத்தாரின் நடமாட்டத்தைக் கொண்டே நேரத்தைச் சரியாக வைத்துக்கொண்டன என்று அவர்கள் கண்டார்கள். கடிகாரம் உள்ளே; அதைத் திருத்தும் கை வெளியே.

முந்திப் பிறக்கும் வசந்தம்

இனி நம் கதையின் சிக்கலுக்கு வருவோம். பூமியில் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததால் காற்றில் கரியமில வாயு பெருகிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அது, 2020களில் 420 பங்கைத் தாண்டிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையான பத்தாண்டுகளில் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது.

ஒரு டிகிரிதானே என்று எண்ணாதீர்கள். மரத்தின் துளிரும் புழுவின் முட்டையும் வெப்பத்தைக் கணக்கிட்டே வளர்கின்றன. வெப்பம் கூடினால் அவற்றின் நாள் முந்துகிறது. பகலின் நீளமோ பூமி சூரியனைச் சுற்றும் கணக்கைச் சேர்ந்தது. ஏப்ரல் 20-ஆம் தேதி நூறாண்டுக்கு முன் எவ்வளவு நீளமோ, இன்றும் அவ்வளவுதான். வெப்பத்தைப் பார்த்து நடப்பவை முந்த, வெளிச்சத்தைப் பார்த்து நடப்பவை பின்தங்குகின்றன. பயணியின் கைக்கடிகாரம் ஒரு நிமிடமும் பிசகவில்லை. ஆனால் ரயில் அட்டவணையை அவருக்குச் சொல்லாமலே மாற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நிலையத்துக்குள் நுழையும்போது வண்டி நகர்ந்துவிட்டிருக்கும்.

இது உண்மையாகவே நடக்கிறதா என்று பார்க்க நீண்டகாலக் குறிப்பு வேண்டும். நெதர்லாந்தில் ஹோகே வெலுவே என்னும் தேசியப் பூங்காவில் 1955 முதல் பட்டாணிக் குருவிகளின் கூட்டுப்பெட்டிகளை ஆண்டு தவறாமல் கவனித்து எழுதி வருகிறார்கள். முதல் முட்டை எந்த நாள், எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பறந்தது என்று எல்லாமே பதிவாகும். புழுக்களை எண்ணுவது எப்படி? உயர்ந்த மரத்தின் இலைகளுக்கிடையே மறைந்திருக்கும் புழுவை எண்ணிவிட முடியுமா? அதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். மரத்தடியில் சிறு துணிகளை விரித்து வைத்து, மேலிருந்து விழும் புழுவின் எச்சத்தைச் சேகரித்து நிறுத்தார்கள். எச்சம் எப்போது மிகுதியோ, அப்போதுதான் மரத்தில் புழுவும் மிகுதி!

நெதர்லாந்து சூழலியல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்செல் விஸ்ஸரும் அவருடைய குழுவினரும் இக்குறிப்புகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். 1973 முதல் 1995 வரையான காலத்தில் புழுவின் உச்ச நாள் முந்திவிட்டது. பறவை முட்டையிடும் நாள் அதற்கு ஈடாக முந்தவில்லை. காரணமும் புலப்பட்டது. முட்டையிடும் முன் பறவை உணரும் வசந்தத் தொடக்கத்தின் வெப்பம் அந்த ஆண்டுகளில் அவ்வளவாக உயரவில்லை. புழு வளரும் பிற்பகுதியின் வெப்பமே உயர்ந்திருந்தது. பறவை நம்பிய அடையாளத்துக்கும் அது எதிர்பார்த்த விருந்துக்கும் இடையே இருந்த பழைய தொடர்பு அறுந்துபோயிற்று.

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அருகே வைத்தம் காட்டில் 1947 முதல் இதே இனப் பறவையைக் கவனித்து வருகிறார்கள். அங்கே 1961 முதல் 2007 வரையான காலத்தில் முட்டையிடும் நாள் சராசரியாக 14 நாள் முந்தி, புழுவோடு ஏறக்குறைய இணையாகவே நடந்துவந்திருக்கிறது. அந்த ஊரில் பறவை நம்பிய அடையாளம் பொய்க்கவில்லை.

நெதர்லாந்திலும் பட்டாணிக் குருவிகளின் எண்ணிக்கை உடனே சரிந்துவிடவில்லை. குஞ்சுகள் குறைந்த ஆண்டில், பிழைத்த குஞ்சுகளுக்குக் குளிர்காலத்தில் போட்டி குறைகிறது. அதனால் அவற்றில் அதிகம் தப்பிப் பிழைக்கின்றன. 2013-இல் வெளியான ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. நட்டத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும் இப்படியொரு வழி, உள்ளூரிலேயே தங்கும் பறவைக்கு இருக்கிறது. தொலைதூரப் பயணிக்கு?

ஆப்பிரிக்காவிலிருந்து வரும் விருந்தாளி

கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் என்றொரு பறவை. எடை 12, 13 கிராம்தான். ஐரோப்பியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. சஹாரா பாலைவனத்தையும் மத்தியதரைக் கடலையும் தாண்டித் திரும்பி வருகிறது. ஆப்பிரிக்காவில் இருக்கும்போது ஐரோப்பிய வசந்தம் முந்திவிட்டதை அது அறிய வழியே இல்லை. உள்ளே ஓடும் கடிகாரம் சொல்லும்போதுதான் கிளம்புகிறது.

கிறிஸ்டியான் போட் என்பவரும் விஸ்ஸரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980 முதல் 2000 வரை இப்பறவை நெதர்லாந்தில் முட்டையிடும் நாள் சுமார் 10 நாள் முந்தியது. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேரும் நாள் முந்தவில்லை. வந்தபின் இளைப்பாறவும் இடம் பிடிக்கவும் துணை தேடவும் இருந்த அவகாசத்தைக் குறைத்துக்கொண்டு, வந்ததும் வராததுமாக முட்டையிடத் தொடங்கின. அதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? வந்து சேருமுன் முட்டையிட முடியாதே!

விளைவு 2006-இல் தெரிந்தது. நெதர்லாந்தில் புழுவின் உச்சம் மிக முந்திவிட்ட காடுகளில், இருபது ஆண்டுகளுக்குள் இப்பறவைகளின் எண்ணிக்கை சுமார் 90 சதவிகிதம் வீழ்ந்திருந்தது. புழு தாமதமாக வரும் காடுகளில் வீழ்ச்சி சுமார் 10 சதவிகிதம்தான். ஒரே நாடு, ஒரே பறவை. நாள் பொருந்திய காட்டில் நிலைத்தது, பொருந்தாத காட்டில் மறைந்தது.

கடிகாரத்தைத் திருத்த முடியுமா?

உள்ளே ஓடும் இந்தக் கடிகாரம் பரம்பரையாக வருவது. தலைமுறைகள் கழியும்போது அது மாறுமா? அப்படியே மாறினாலும் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய காலத்துப் பறவையையும் இன்றைய பறவையையும் அருகருகே நிறுத்திப் பார்க்கவேண்டும். காலத்தில் பின்னோக்கிச் செல்ல நமக்கு வாகனம் இல்லை. ஆனால் க்வின்னர் அதற்கு ஈடான ஒன்றை விட்டுச் சென்றிருந்தார்.

1981-இல் அவர் தெற்கு ஜெர்மனியில் இந்த ஈப்பிடிப்பான் குஞ்சுகளை எடுத்து வந்து, கையால் ஊட்டி வளர்த்து, செயற்கை வெளிச்சத்தில் வைத்து அவற்றின் ஆண்டுக் கடிகாரத்தைப் பதிவு செய்திருந்தார். இரவுத் துடிப்பு, இறகு உதிர்தல், இனவிருத்தி உறுப்புகளின் வளர்ச்சி எல்லாம் குறிப்பேட்டில் இருந்தன. 2002-இல், சூழலியல் அறிஞர் பார்பரா ஹெல்மும் அவரும் அதே வட்டாரத்துப் பறவைகளைக் கொண்டு அதே சோதனையை அதே முறையில் மறுபடி செய்தார்கள். 2004-இல் க்வின்னர் காலமானார். ஹெல்மும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் இரு சோதனைகளையும் ஒப்பிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டார்கள்.

இந்தச் சோதனையின் நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இரு தொகுதிப் பறவைகளுக்கும் வெளிச்சம் ஒன்றே, வளர்ப்பு முறை ஒன்றே. அவை வெளியே வசந்தத்தைப் பார்த்ததில்லை. ஆப்பிரிக்காவுக்குப் போனதும் இல்லை. ஆகவே வேறுபாடு ஏதேனும் தென்பட்டால், அது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும்.

வேறுபாடு தென்பட்டது. 2002-ஆம் ஆண்டுப் பறவைகளின் வசந்தக் கடிகாரம், 1981-ஆம் ஆண்டுப் பறவைகளினுடையதைவிடச் சுமார் 9 நாள் முந்தி ஓடியது! அதே வட்டாரத்துக் காட்டில் நெடுங்காலம் கூடுகளைப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளும், முட்டையிடும் நாள் சுமார் 11 நாள் முந்தியிருப்பதைக் காட்டின. ஏறத்தாழ இருபது ஆண்டுக்குள் பறவையின் பஞ்சாங்கமே திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

நெதர்லாந்தில் வந்து சேரும் நாள் மாறவில்லை என்று முன்பு சொன்னோமே, இது அதற்கு முரண் இல்லையா? இல்லை. இவை வெவ்வேறு வட்டாரத்துப் பறவைகள். மேலும், உள்ளே இருக்கும் கடிகாரம் கிளம்பு என்று சொன்னாலும், வழியில் கிடைக்கும் இரை, எதிர்க்காற்று, மழை, குளிர் எல்லாம் சேர்ந்தே வந்து சேரும் நாளை முடிவு செய்கின்றன. கடிகாரம் மாறக்கூடியது என்பது மட்டும் இச்சோதனையால் உறுதியாயிற்று.

திருத்தத்தின் விலை

அப்படியானால் கவலை தீர்ந்ததா? பறவைகள் தாமே சமாளித்துக்கொள்ளும் என்று நாம் நிம்மதியாக இருக்கலாமா?

இந்தக் கடிகாரத்தைத் திருத்துவது யார் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பறவையும் தன் உள்ளிருக்கும் முள்ளைத் தானே நகர்த்துவதில்லை. ஒரு காட்டிலுள்ள பறவைகளில் சிலவற்றின் கடிகாரம் இயல்பாகவே சற்று முந்தியும், சிலவற்றினுடையது பிந்தியும் ஓடும். வசந்தம் முந்தும்போது, முந்தி ஓடும் கடிகாரமுடையவற்றின் குஞ்சுகள் வயிறார உண்டு பிழைக்கின்றன. பிந்தி ஓடுபவற்றின் குஞ்சுகள் கூட்டிலேயே மெலிகின்றன. அடுத்த தலைமுறையில் முந்திய கடிகாரங்கள் பெருகுகின்றன. இதுவே இயற்கைத் தேர்வு. ஒன்பது நாள் திருத்தம் என்று நாம் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்தத் திருத்தத்தின் விலை, இரை கிடைக்காமல் மடிந்த குஞ்சுகள்.

இந்த விலையைக் கொடுக்கப் போதுமான பறவைகள் இருக்கும்வரை திருத்தம் நடக்கும். வெப்பம் மெல்ல உயர்ந்தால் தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். வேகமாக உயர்ந்தால், கடிகாரம் ஒரு நாள் முந்துவதற்குள் வசந்தம் இரண்டு நாள் முந்திவிடும். கணக்குத் தீருமுன் கையிருப்புத் தீர்ந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு மறைந்துபோன அந்த நெதர்லாந்துக் காடுகள் இதைத்தான் காட்டுகின்றன. எவ்வளவு வெப்பம் என்பதோடு எவ்வளவு வேகம் என்பதும் முக்கியமாகிறது. அந்த வேகம் நாம் எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் பொறுத்தது.

இந்த உண்மைகளெல்லாம் எப்படிக் கிடைத்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெரிய பெரிய எந்திரங்களால் மட்டும் கிடைத்தவை அல்ல இவை. கூட்டுப்பெட்டியைத் திறந்து பார்த்துத் தேதி எழுதியவர்கள், மரத்தடியில் துணி விரித்தவர்கள், இருபது ஆண்டுக்கு முந்திய குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் ஆகியோரின் பொறுமையால் கிடைத்தவை.

நீங்களும் அந்தப் பொறுமையைப் பழகலாம். உங்கள் தெருவிலுள்ள சரக்கொன்றை இந்த ஆண்டு எந்த நாளில் முதற்பூ விட்டது? உங்கள் வீட்டுச் சிட்டுக்குருவி எந்த நாளில் கூட்டுக்கு வைக்கோல் கொண்டு வந்தது? மழைக்குப்பின் ஊர் ஏரிக்கு நாரைகள் எப்போது வந்து இறங்கின? ஒரு குறிப்பேட்டில் தேதியும் இடமும் போட்டு எழுதி வையுங்கள். ஓராண்டுக் குறிப்பு ஒன்றும் சொல்லாது. பத்து ஆண்டுக் குறிப்பு பேசத் தொடங்கும். இருபது ஆண்டு கழித்து அதைத் தேடி ஓர் ஆராய்ச்சியாளர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாலும் வியப்பில்லை.